லண்டனா, சென்னையா, மணிலாவா? தோட்டப்புற ஊருக்கு ஏற்ற சுகாதாரக் கூட்டாளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இனிப்புநீர் (நீரிழிவு) பரிசோதனை முகாம் நடத்துவது கடினமில்லை. கோயில் மண்டபமும் நான்கு மேசையும் சர்க்கரை அளக்கும் இரண்டு மீட்டரும் போதும். முகாமில் சர்க்கரை அளவு கூடியிருந்தவர் மூன்று மாதம் கழித்து மருந்து சாப்பிடுகிறாரா என்று வீடு தேடிப்போய்ப் பார்ப்பதுதான் பாடு. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. தோட்ட லயத்திலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாறிய குடும்பங்களை இன்று எந்த டிரஸ்ஸரும் (தோட்ட மருத்துவ உதவியாளரும்) தேடி வருவதில்லை. அந்த வேலையை ஊர்க்காரர்களே வகுத்து நடத்துவதைத்தான் சுகாதாரத்தில் சமூகப் புத்தாக்கம் என்கிறார்கள். அதற்கு வெளிநாட்டுத் துணை தேடும் சங்கத்தின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: லண்டன் போன்ற மேலை நாட்டுப் பல்கலைக்கழகம், சென்னை வழியாகத் தமிழ்நாட்டுத் திட்டத்தோடு இணைப்பு, மணிலா போன்ற புத்தாக்க மையங்களின் வலையமைப்பு.

லண்டன் வழி

பணமும் புள்ளியியல் அறிவும் இங்கேதான் அதிகம். காத்திருப்பும் இங்கேதான் அதிகம். அரசு கிளினிக்கின் நோயாளிகளோ ஊழியர்களோ ஆய்வில் இருந்தால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியவேண்டும், சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தரவேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவும் தனியாகக் கேள்வி கேட்கும். இதற்குள் மானியக் காலத்தில் பல மாதங்கள் கரைந்துவிடும். மானியம் முடிந்த மாதமே சம்பள ஒருங்கிணைப்பாளரும் போய்விடுவார், வீட்டுச் சந்திப்பும் நின்றுவிடும்.

சங்கப் பதிவும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் தணிக்கை செய்த கணக்கறிக்கையும் இல்லாவிட்டால், பணம் இன்னொரு நிறுவனம் வழியாகத்தான் வரும். அவர்கள் நிர்வாகச் செலவைப் பிடித்துக்கொள்வார்கள். ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியராக யார் பெயர் வரும் என்பதையும் விண்ணப்பம் எழுதும்போதே பேசி முடிக்கவேண்டும். மருத்துவ இதழ்கள் ஆசிரியராக ஏற்க வரைவு எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு கேட்கின்றன. வெயிலில் வீடு வீடாக நடந்தவர்களை வரைவுக்கு அழைக்காவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது நன்றியுரையில் ஒரு வரிதான். இது அநியாயம், முன்கூட்டியே பேசினால் தவிர்க்கக்கூடிய அநியாயம்.

சென்னை வழி

முதலில் எல்லோர் மனமும் இங்கேதான் ஓடும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நமக்குத் தேவையானதைத்தான் செய்கிறது: பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மருந்து கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. மொழி ஒன்று, பயிற்சித் தாள் தமிழில்.

ஆனால் ஒரே மொழி என்பதாலேயே கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் நிறைய. அங்கே மீட்டர் மில்லிகிராம் கணக்கில் காட்டும், இங்கே மில்லிமோல். அங்கே 126 என்பது இங்கே 7.0, பதினெட்டால் வகுக்கவேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் மலேசிய வழிகாட்டி 6.3 விழுக்காட்டிலிருந்தே இனிப்புநீர் என்கிறது, இந்தியாவில் 6.5. ஆக 6.4 உள்ள ஒருவர் இங்கே நோயாளி, அங்கே இல்லை. உடல் பருமனுக்கு உடல் நிறைக் குறியீட்டில் (பிஎம்ஐ) இங்கே எல்லை 27.5, அங்கே 25. இவற்றைச் சரிசெய்யாமல் இரண்டு ஊர்ப் பதிவேட்டையும் ஒட்டினால் ஒப்பீடே பொய்யாகிவிடும். பதிவேட்டில் ஒவ்வொரு நெடுவரிசைத் தலைப்பிலும் அலகை எழுதுங்கள், மூல எண்ணை மாற்றாமல் வைத்திருங்கள்.

அடுத்தது மருந்து. அங்கே மருந்து தருவது அரசு. இங்கே சங்கத் தன்னார்வலர் மருந்து விநியோகிக்க முடியாது. அது கிளினிக் மருந்தகத்தின் வேலை. அரசு மருந்தகங்களின் தபால் மருந்துச் சேவையில் நோயாளியைச் சேர்த்துவிடலாம். தோட்டத்து முகவரி என்றால் பொட்டலம் தோட்ட ஆபிசில் கிடக்காமல் கைக்கு வந்ததா என்று விசாரிப்பது தன்னார்வலர் பொறுப்பு. கூட்டு ஆய்வு என்று பெயர் வைத்தால் இந்தியத் தரப்புக்கு அவர்கள் சுகாதார அமைச்சின் பரிசீலனைக் குழு ஒப்புதல் வேண்டும். இங்கிருந்து அங்குள்ள தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் குறுக்கே வரும். பயிற்சிப் பரிமாற்றத்தோடு நிறுத்திக்கொண்டால் சுமை வெகுவாகக் குறையும்.

மணிலா வழி

உலகச் சுகாதார நிறுவனத்தில் இயங்கும் வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டமும் சில பல்கலைக்கழகங்களும் 2014-இல் சுகாதாரச் சமூகப் புத்தாக்க முன்னெடுப்பைத் தொடங்கின. பிலிப்பீன்ஸ், உகாண்டா, மலாவி, சீனா போன்ற நாடுகளில் அதன் மையங்கள் வளர்ந்தன. இவர்களிடம் பெரிய பணம் எதிர்பார்க்கவேண்டாம். கற்கவேண்டியது முறை, முக்கியமாகத் திறந்த அழைப்பு, அதாவது ஒரு கேள்வியை எல்லோர் முன்னும் வைத்து யோசனைகளை வரவழைத்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது. மணிலாவுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே. தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டும் வேலை முடிந்து மாலை ஐந்துக்குக் கூட்டம் வைத்தால் அங்கேயும் ஐந்துதான்.

திறந்த அழைப்புக்கு எட்டுப் பேர் குழு போதும்: கிளினிக் மிஸ்ஸி (தாதி), தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர், தோட்டத் தொழிற்சங்கத்தில் ஒருவர், இளைஞர் இருவர், இனிப்புநீர் உள்ளவர் இருவர். கேள்வி குறுகலாக இருக்கட்டும். 'ஊர் ஆரோக்கியத்துக்கு என்ன செய்யலாம்' என்று கேட்டால் சுலோகங்கள் வந்து குவியும். 'மருந்தை நிறுத்தியவரை மறுபடி கிளினிக்குக்கு எப்படி வரவழைப்பது' என்று கேளுங்கள். ஆறு வாரம் திறந்து வையுங்கள், தீபாவளி, தைப்பூசத்தை ஒட்டி வேண்டாம். எழுத்து மட்டும் கேட்டால் கோலாலம்பூர் கல்லூரி மாணவர்கள்தான் எழுதுவார்கள். ஆகவே வாட்ஸ்அப் குரல்பதிவு, தமிழ், மலாய் எல்லாம் ஏற்கவேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று நடுவர்கள் தனித்தனியே 1 முதல் 10 வரை மதிப்பெண் இடட்டும். உறவினர் பதிவானால் விலகிக்கொள்ளட்டும். பரிசுத் தொகையைச் சிறிதாக்கி, வென்ற யோசனையை இருபது வீட்டில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கப் பணத்தை ஒதுக்குங்கள். அந்த ஒதுக்கீடு இல்லாத அழைப்பு பரிசளிப்புப் படத்தோடு முடிந்துபோகும்.

எதை முதலில்?

மணிலா முறையில் தொடங்குவதே எங்கள் தேர்வு. யோசனை ஊருக்குச் சொந்தமாக இருக்கும். சென்னையிலிருந்து வீட்டுச் சந்திப்புப் பயிற்சியையும் பக்கவாத நோயாளிக்கான உடற்பயிற்சித் தாள்களையும் வாங்கிக்கொள்ளலாம். லண்டன் கதவைப் பன்னிரண்டு மாதப் பதிவேடு கையில் இருக்கும்போது தட்டுங்கள். அப்போது கேள்வியை வகுப்பது நீங்களாக இருப்பீர்கள். யாருடன் கையெழுத்திட்டாலும் முதல் பக்கத்திலேயே ஒன்றை எழுதிவிடுங்கள்: கூட்டு முறிந்தாலும் பெயருள்ள பதிவேடு ஊரைவிட்டுப் போகாது, வெளியே போவது பெயர் நீக்கிய நகல் மட்டுமே.