ஈரோட்டில் பாரிஸ் கைத்திறன்: ஒரு வார இறுதித் தையல் வகுப்பு

வீட்டில் தைப்பவர்களுக்காக ஈரோட்டில் நடக்கும் இந்த வகுப்பில், பாரிஸின் ‘ஓட் கூத்தூர்’ (ஒருவரின் அளவுக்கென்றே பெரிதும் கையால் தைக்கும் உயர்ரக உடை) தையற்கூடங்களின் வேலைமுறையை நம் ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் பொருத்திச் சொல்லித்தருகிறார்கள். 1858இல் ஆங்கிலேய உடை வடிவமைப்பாளர் சார்லஸ் ஃபிரடெரிக் வொர்த் அங்கே கடை திறந்தபின் வேரூன்றிய அந்த மரபில், விலையுயர்ந்த துணியில் கத்தரி படுமுன் மலிவான பருத்தியில் மாதிரி தைத்து, உடலில் போட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். அந்த மாதிரிக்கு இங்கே நம்மூர்க் காடாத் துணியே கைகொடுக்கிறது. தோள் இறக்கமும் கைக்குழியும் காடாவிலேயே சரியாகிவிடுவதால், பட்டுத்துணியை வெட்டும்போது கை நடுங்குவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பாரிஸின் ஷனெல் நிறுவனத்து ஜாக்கெட் (ரவிக்கை அல்ல, கோட்டு) பற்றிய பாடம். பட்டு லைனிங்கை மேல்துணியோடு வரிவரியாகத் தைத்து இணைப்பதையும், ஜாக்கெட் நேராகத் தொங்குவதற்காகக் கீழ் ஓரத்தின் உட்புறத்தில் மெல்லிய சங்கிலியை வைத்துத் தைப்பதையும் ஆசிரியை பொறுமையாகச் செய்துகாட்டினார். சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கையால்தான் தைக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

எம்பிராய்டரிக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. அயர்ன் பெட்டியும் ஒன்றே இருப்பதால், ஒவ்வொரு தையலையும் உடனுக்குடன் தேய்க்கச் சொல்லும் வகுப்பில் காத்திருக்க நேர்கிறது. ஆயினும், மிஷின் ஓட்டத் தெரிந்து, உடையின் உட்புறமும் வெளிப்புறத்தைப் போலவே சுத்தமாக இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் தயங்காமல் சேரலாம்.