ஏற்காடு மலைப்பாதையில் டிராக்-லாக்: தேய்ந்த எல்எஸ்டியைக் கண்டுபிடிப்பதும் திரும்பக் கட்டுவதும்

எல்எஸ்டி என்பது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் இழுவை போகவிடுகிற டிஃபரன்ஷியல்; டிராக்-லாக் அதில் ஒரு வகை. உள்ளே இருக்கும் உராய்வுப் பிளேட் தேய்ந்துபோன எல்எஸ்டி சத்தமே போடாது. வளைவில் உதறி உறுமுகிற எல்எஸ்டிக்கு முக்கால்வாசி நேரம் ஆயில்தான் சரியிருக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல டிஃபரன்ஷியலைப் பிரித்துப் போடுகிறார்கள். செத்துப்போனதை “சத்தமே இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள்.

வண்டி சிஜே-3பி வகை மஹிந்திரா ஜீப். பின்னால் டானா 44 ஆக்சில், 5.38 விகிதம் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று), 19 ஸ்ப்லைன் (பல்வரி) உள்ள, முனை கூம்பிய டேப்பர் ஷாஃப்ட். உள்ளே பிற்பாடு பொருத்திய டிராக்-லாக். ஆக்சில் ஷாஃப்டுகளைச் சுற்றவைக்கும் இரண்டு சன் கியருக்கும் பின்னால் பிளேட்டுகளின் அடுக்கு இருக்கும். ஒரு பிளேட் சன் கியரோடு சுற்றும், அடுத்தது காதுகளால் டிஃபரன்ஷியல் கூட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றும். கிண்ணம் போல் வளைந்த ஸ்பிரிங் பிளேட் அடுக்கை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். லோடு ஏறும்போது, சன் கியர்களுக்கு நடுவே இருக்கும் சிறு பல்சக்கரமான ஸ்டார் பினியன் சன் கியரை வெளியே தள்ளி இன்னும் இறுக்கும்.

அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. காய்ந்த தாரில் தேய்ந்த எல்எஸ்டி காட்டிக்கொடுக்காது. மழை பெய்து சில்வர் ஓக் இலை ரோட்டில் அப்பிக் கிடக்கும்போது, வளைவை விட்டு வெளியேறும் இடத்தில் கொஞ்சம் அழுத்தினால் உள்பக்கச் சக்கரம் மட்டும் சுழலும், வண்டி முன்னே நகராது. காப்பித் தோட்டத்துச் செம்மண் பாதையில் இன்னும் தெளிவாகத் தெரியும்: இரண்டு சக்கரமும் சேர்ந்து பிறாண்டிய தடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு குழி இருக்கும்.

உதறல் வேறு கதை. ஐந்தாறு வளைவு தாண்டி ஆயில் சூடானபின் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது சீட்டுக்கு அடியில் ‘டுர்ர்’ என்று அதிரும், நேராக்கினால் நின்றுவிடும். பிளேட்டுகள் வழுக்காமல் ஒட்டி ஒட்டி விடுவதால் வருவது அது. ஆயிலை வடித்து, எல்எஸ்டிக்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (பிளேட் சீராக வழுக்க ஆயிலில் கலக்கும் திரவம்) சேர்த்து நிரப்பிப் பார்க்காமல் யாரையும் ஸ்பேனர் எடுக்க விடாதீர்கள். நேர் ரோட்டில் ஊளையிடுவது கிரவுன்-பினியன் (டிஃபரன்ஷியலைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி) அல்லது பேரிங். கியர் போட்டு விடும்போது ‘டக்’ என்றால் யூனிவர்சல் ஜாயிண்டைப் பார்த்துவிட்டு, அதன்பின் ஸ்டார் பினியன்கள் மாட்டியிருக்கும் கிராஸ் பின்னைச் சந்தேகப்படலாம்.

பிரிக்குமுன் அளக்க வேண்டும். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, டூ வீல் டிரைவில் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றி மறுசக்கரம் எதிர்த்திசையில் போனால் பிளேட் போய்விட்டது. சரியான எண் வேண்டுமானால் ஒரு சக்கரத்தைத் தரையில் வைத்து, மற்றதைத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு டார்க் ரெஞ்சால் சுற்ற வேண்டும். டேப்பர் ஷாஃப்டில் ஹப் நட்டைப் பிடித்துத் திருப்பக் கூடாது. வீல் ஸ்டட்டில் மாட்டுகிற மாதிரி ஒரு தகட்டில் நடுவில் நட் வெல்டு செய்து தரச் சொன்னால் சேலத்தில் எந்த லேத் பட்டறையிலும் செய்து கொடுப்பார்கள். ஜீப் சர்வீஸ் மேனுவல் டிராக்-லாக்குக்குச் சொல்வது 30 முதல் 200 பவுண்ட்-அடி வரை. 30க்குக் கீழே விழுந்தால் பிரிக்கலாம். முதல் இழுப்பில் வரும் எண்ணை விட்டுவிட்டு, சக்கரம் சீராகச் சுற்றும்போது நிற்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்எஸ்டி வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. தரையில் இருக்கிற சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

கழற்றும்போது ஹப்பைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடித்தால் மரை போவதோடு, அந்த அடி இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் த்ரஸ்ட் பிளாக் என்ற கட்டைக்கும் போகும். பேரிங் கேப்பில் இடது, வலது என்று பஞ்ச் குறி வையுங்கள், ஷிம்களைத் தனித்தனிப் பையில் போடுங்கள். பேக்லாஷை (கிரவுன்-பினியன் பற்களுக்கு இடையிலான ஆட்டம்) முதலிலேயே டயல் கேஜில் அளந்து எழுதிக்கொண்டால் பழைய பல்லுக்குத் திரும்ப அதே அளவு வைக்கலாம். கூட்டை வெளியே எடுக்க ஸ்ப்ரெடர் போட்டால் ஹவுசிங்கை 20 தவ்வுக்கு (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் விரிக்கக் கூடாது.

கூட்டைப் பெஞ்சில் வைத்து, கிராஸ் பின்னைப் பூட்டியிருக்கும் பின்னையோ ஸ்னாப் ரிங்கையோ எடுத்து, இரண்டு சன் கியருக்கும் நடுவே திருகு போட்டு அடுக்கை அழுத்தினால்தான் ஸ்டார் பினியன்கள் ஜன்னல் வழியே உருண்டு வெளியே வரும். அழுத்தாமல் நெம்பினால் பல் உடையும். பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பிளேட்டில் எண்ணெய்க் கோடுகள் விரல் நகத்தில் தட்டும், தேய்ந்தது கண்ணாடி மாதிரி வழவழப்பாக, ஓரம் நீலமோடி இருக்கும். ஒரு பிளேட் போயிருந்தாலும் இரண்டு பக்கத்து அடுக்கையும் முழுசாக மாற்றுவதுதான் முறை. கூட்டில் பிளேட் காது உட்காரும் பள்ளத்தில் படி விழுந்திருந்தால் புதுப் பிளேட் அங்கே சிக்கிக்கொள்ளும். அப்போது கூடே மாற வேண்டும். வாங்கும்போது 3.92-ம் அதற்கு மேலும் உள்ள விகிதத்துக்கான கூடு, 19 ஸ்ப்லைன் என்று இரண்டையும் சொல்லி வாங்குங்கள். 3.73க்கான கூட்டில் 5.38 கிரவுன் வீல் சரியான இடத்தில் உட்காராது.

பழைய பிளேட்டோடு தடிமனான ஷிம் சேர்த்து இறுக்கித் தருகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை ஏற்கவே முடியாது. கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு வளைவுக்கு வளைவு உதறி, பிளேட் கருகி, தூள் பேரிங்குக்குள் போகும்.

புதுப் பிளேட்டுகளை மாடிஃபையர் கலந்த கியர் ஆயிலில் அரைமணி நேரம் ஊறவைத்து, எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள். கிரவுன் வீல் போல்ட் புதிது, த்ரெட் லாக்கர் தடவி 45-60 பவுண்ட்-அடி. பேரிங் கேப் 70-90. த்ரஸ்ட் பிளாக்கை மறக்காமல் போட்டு, ஷாஃப்ட் எண்ட் பிளேயை (ஷாஃப்ட் உள்ளும் வெளியும் நகரும் ஆட்டம்) ஷிம்மால் மேனுவல் சொல்லும் அளவுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆயில் ஜிஎல்-5, 80டபிள்யூ-90, சுமார் 1.2 லிட்டர். மாடிஃபையர் 118 மில்லி என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் அது இரண்டு லிட்டர் பிடிக்கிற பெரிய ஆக்சிலுக்குப் பொருந்தும் அளவு. இதில் 60 மில்லியில் ஆரம்பித்து, உதறினால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது. அதிகமானால் பிடிப்பே குறைந்துவிடும். மீந்த ஜிஎல்-5 ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள், அங்கே பித்தளை வளையங்கள் இருக்கின்றன. காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டு 10, 12 சுற்று வந்தால் பிளேட் படியும்.

திரும்பக் கட்டியபின் வித்தியாசம் கொட்டச்சேடு பக்கத்து ஈரச் சரிவுகளில் நன்றாகத் தெரிகிறது. முன்பு ஃபோர் வீல் போட வேண்டியிருந்த ஏற்றங்கள் பலவற்றில் டூ வீலிலேயே ஏறுகிறது. ஆனால் ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் டிராக்-லாக் தடுமாறும். ஹேண்ட் பிரேக்கை இரண்டு சொடுக்கு இழுத்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிடித்துவிடும், பின் சக்கரத்தில் வேலை செய்கிற ஹேண்ட் பிரேக்காக இருந்தால். பழைய ஜீப் பலவற்றில் அது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும், அதை இழுத்துப் பயனில்லை.

பிளேட்டை அதிகம் தின்பது மலைப்பாதை என்று நினைப்பார்கள். பின்னால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் போட்டுச் சேலம் வரை இறங்கி நேர் ரோட்டில் ஓட்டுவதுதான் அதைவிட மோசம். சுற்றளவு மாறினால் பிளேட் ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் உராயும். அடுத்தது ஆக்சில் பிரீதர் (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் துளை) அடைத்துக்கொள்வது. சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கினால் சீல் வழியே தண்ணீர் உறிஞ்சப்பட்டு ஆயில் பால் நிறமாகும்.

புதுப் பிளேட் போட்ட பிறகு 500 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள். காந்தத்தில் கருஞ்சாம்பல் பசை இருந்தால் சரி, நகம் நகமாகச் செதில் இருந்தால் திரும்பத் திறக்க வேண்டும். அன்றைக்கே ஹப் நட்டையும் 150 பவுண்ட்-அடிக்குச் சரிபாருங்கள். காட்டர் பின் ஓட்டை நேராக வராவிட்டால் நட்டை மேலும் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்தவே கூடாது.