ஓத் (குடியுரிமைச் சத்தியப்பிரமாணம்) திகதியை முன்னுக்கு எடுக்க 300 டொலர்

ஸ்காபரோவில் கனேடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கும் எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, "எனக்கு கொம்பியூட்டர் சரிவராது, தெரிஞ்ச ஒருத்தர் ஃபோர்ம் நிரப்பித் தருவார்" என்று சொல்பவர்களுக்கு. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

2023 இல் அப்படி ஒருத்தரிடம் போனோம். பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. சுவரில் மேப்பிள் இலைக் கொடி, மேசையில் பிள்ளையார். ஆள் எங்கள் பக்கத்து ஊர். "தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் நான் பாக்கிறன்" என்றார். அரசாங்கக் கட்டணம் அப்போது பெரியவர்களுக்கு 630 டொலர். அவருக்கு ஆளுக்கு 800. ரசீது கேட்டேன். "எங்களுக்குள்ள என்ன ரசீது?" என்று சிரித்தார். அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும்.

மாமிக்கும் சேர்த்துத்தான் கொடுத்தோம். மாமிக்கு 61 வயது, ஆங்கிலம் ஓடாது. சோதனையை நினைத்து அவர் பயந்ததைக் கண்டதும், "விலக்கு எடுக்கலாம், ஆனா உள்ளுக்குக் கதைக்க வேணும்" என்று தனியாக 200 டொலர் வாங்கிக்கொண்டார். உள்ளுக்கு ஒருவரிடமும் கதைக்கத் தேவையில்லை. மொழிச் சான்றும் குடியுரிமைச் சோதனையும் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும்தான். மாமியின் பிறந்த திகதியை எழுதினாலே போதும். பிறந்த திகதிக்கு 200 டொலர் கட்டிய குடும்பம் எங்களுடையது.

எனக்கு 60 டொலருக்கு ஒரு கேள்விப் புத்தகம் தந்தார். போட்டோக்கொப்பி அடித்த கட்டு, ஒரு பக்கம் இரண்டு தடவை இருந்தது, அடுத்த பக்கத்தைக் காணோம். சோதனைக்கு 20 கேள்வி, 15 சரியாக வந்தால் பாஸ். எல்லாமே 'டிஸ்கவர் கனடா' என்ற அரசாங்க வழிகாட்டியை வைத்துத்தான் வருகின்றன. அது இணையத்தில் இலவசம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் அவர் சொல் கேட்கவில்லை. விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அம்மா செத்தபோது யாழ்ப்பாணத்தில் 46 நாள் நின்றேன். "ஸ்டாம்ப் வடிவா விழேல்லை, எழுதாம விடுவம்" என்றார். எனக்கு அதைக் கழித்தாலும் நாள் காணும், பிறகு எதற்குப் பொய்? பிடிபட்டால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அம்மாவின் செத்தவீட்டை மறைத்துத்தான் சிட்டிசன் எடுக்க வேண்டுமா என்று கோபமும் வந்தது.

ஆனால் அவருடைய உண்மையான விளையாட்டு இமெயிலில் இருந்தது. ஒன்லைன் கணக்கைத் தன்னுடைய இமெயிலில் திறந்தார், பாஸ்வேர்ட்டும் அவரிடம். "கடிதம் தவறக்கூடாது" என்றார், சரி என்றேன். பிரதிநிதி என்று ஒருவரைக் காட்ட ஐ.எம்.எம். 5476 என்ற படிவம் உண்டு. அதை அவர் போடவே இல்லை. அதனால் குடிவரவுத் திணைக்களத்தின் கண்ணில் அவர் என்றொரு ஆளே கிடையாது. நான்தான் அவருடைய இமெயிலில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எப்போது கேட்டாலும் "இன்னும் வரேல்லை" என்பதுதான் பதில். சோதனை லிங்க்கை, முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அனுப்பினார். இரவிரவாகப் படித்து 18 எடுத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஃபோன் எடுத்தார். "ஃபைல் ஓத்துக்கு வந்து நிக்குது. அப்பிடியே விட்டா ஒரு வருசம் கிடக்கும். 300 தந்தா திகதியை முன்னுக்கு எடுக்கலாம், ரெண்டு பேருக்கும் சேர்த்து."

வேலையிடத்தில் ஒரு பிலிப்பினோப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "சத்தியப்பிரமாணத்துக்குக் காசா?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். திங்கட்கிழமை பி.ஆர். கார்ட்டை (நிரந்தர வதிவிட அட்டையை) கையில் வைத்துக்கொண்டு திணைக்களத்துக்கு நானே ஃபோன் எடுத்தேன். முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். அடையாள இலக்கம், பிறந்த திகதி எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: அழைப்புப் போய் ஒன்பது நாளாகிறது, இந்த வியாழக்கிழமை ஓத்.

அதாவது, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மனுசன் 300 கேட்டிருக்கிறார். நான் கொடுக்காமல் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஓத்துக்கும் போகாமல் விட்டிருந்தால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எழுதி மூடியிருப்பார்கள்.

திணைக்களத்தின் இணையப் படிவத்தில் எங்கள் இமெயிலைக் கொடுத்து விபரம் எழுதினோம். செவ்வாய் இரவு சூம் லிங்க் வந்தது. புதன்கிழமை அவரிடமிருந்து திரும்பவும் அழைப்பு: "தங்கச்சி, கஷ்டப்பட்டு நாளைக்கே எடுத்திட்டன்! காசை இப்பவே அனுப்பிவிடுங்கோ." லிங்க் எங்களிடம் இருக்கிறது என்றேன். வைத்துவிட்டார்.

வியாழன் காலை மாமி கூறைச்சேலை கட்டிக்கொண்டு லப்டொப்புக்கு முன்னால் இருந்தார். அதிகாரி சொன்னபடி, கமராவுக்கு முன்னால் பி.ஆர். கார்ட்டுகளைக் கறிக்கத்தரிக்கோலால் வெட்டினோம். பிறகு வலது கையைத் தூக்கி, மன்னர் மூன்றாம் சார்ள்ஸுக்கு விசுவாசம், பூர்வகுடிகளின் உரிமைகளுக்கு மதிப்பு என்று முதலில் ஆங்கிலத்தில், பிறகு பிரெஞ்சில். மாமி ஒவ்வொரு வரியையும் ஒரு சொல் பிந்திச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சதம் கேட்கவில்லை யாரும்.

காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்பவர் சட்டத்தரணியாகவோ பாராலீகலாகவோ இருக்க வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி, ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அது) அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் ஓத் முடிந்த பிறகுதான் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கொடுத்த காசு வருமென்று நம்பவில்லை. எங்கள் இரண்டு பேருடைய கடவுச்சீட்டுப் பிரதிகளும் சின் இலக்கமும் (சமூகக் காப்புறுதி இலக்கம்) இன்னும் அந்த மேல்மாடி அறையில்தான் இருக்கின்றன. எங்கள் பெயரில் யாரும் கடன் எடுக்கிறார்களா என்று மாதாமாதம் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.