பட்டாசுச் சத்தத்தில் எந்தப் பேய்? 2024 அக்டோபரின் திகில் கேம்கள்

இந்த 2024இல் மேல்நாட்டுப் பேய்ப் பண்டிகையான ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில் வருகின்றன: அக்டோபர் 31, வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக்கிவிட்டதால் சேர்ந்தாற்போல் நான்கு நாள். ஹாலோவீனுக்கும் நமக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஆனால் கேம் கம்பெனிகளுக்கு அதுதான் சீசன். திகில் சரக்கையெல்லாம் அக்டோபரில் கொண்டுவந்து கொட்டுவார்கள். இந்தத் தடவை கொட்டியதில் நல்ல சரக்கும் இருக்கிறது.

என் கைக்கு வந்தவை நான்கு. சைலன்ட் ஹில் 2 ரீமேக், அக்டோபர் 8இல் வந்தது. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), கணினி இரண்டுக்கும் உண்டு. வந்தபோது அமெரிக்க விலை 70 டாலர். எ கொயட் பிளேஸ்: தி ரோட் அஹெட், அக்டோபர் 17, 30 டாலர். அன்டில் டான் ரீமேக், அக்டோபர் 4, 60 டாலர். கடைசியாக மவுத்வாஷிங். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் செப்டம்பர் 26இலேயே வந்துவிட்டது என்றாலும் ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது அக்டோபரில்தான். விலை 13 டாலர். ஆலன் வேக் 2 என்ற திகில் கேமை வைத்திருப்பவர்களுக்கு தி லேக் ஹவுஸ் என்ற கூடுதல் அத்தியாயமும் அக்டோபர் 22இல் வந்திருக்கிறது. மூல கேம் இல்லாமல் அதை ஆட முடியாது, எனவே புதிதாக வாங்க வருபவர்களுக்கு அதை நான் சொல்லப்போவதில்லை. துப்பாக்கிச் சண்டை கேமான பிளாக் ஆப்ஸ் 6 பக்கம் போனவர்களுக்கும் இங்கே வேலையில்லை. ஜோம்பி இருந்தால் மட்டும் அது திகில் ஆகிவிடாது.

கிராபிக்ஸ் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மவுத்வாஷிங் வேண்டுமென்றே பழைய பிளேஸ்டேஷன் காலத்துக் கட்டம் கட்டமான படத்தோடு வருகிறது, அது அதன் அழகு. மற்ற மூன்றும் பளபளவென்றுதான் இருக்கின்றன. யூடியூபில் பத்து நிமிடம் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். யூடியூபில் தெரியாத ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீட்டுச் சத்தம்.

திகில் கேம் என்பது பாதிக்கு மேல் காதால் ஆடுவது. கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பேயை அடிக்கலாம், விட்டு ஓடலாம். கதவுக்குப் பின்னால் ஏதோ இழுபடும் சத்தத்தை என்ன செய்வது? அந்தச் சத்தம் காதில் விழவில்லை என்றால் கொடுத்த காசு வீண். இப்போது சென்னையில் ஒரு சாதாரண அபார்ட்மெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே ஃபேன். கீழே சம்ப் மோட்டார். தெருவில் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப். மெட்ரோ வேலை நடக்கும் ஏரியா என்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் துளை போடுவார்கள். இது போதாதென்று தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வெடி. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள். எங்கள் தெருப் பையன்கள் அதை ஆரம்ப நேரம் என்று மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் நான்கையும் அளந்தது ஒரே கோலால்தான்: இந்த வீட்டில், இந்த மாதத்தில், இதை ஆட முடியுமா?

இதில் முதலில் அடிவாங்குவது கொயட் பிளேஸ். கெட்ட கேம் என்று சொல்லவரவில்லை, நான் ஆவலோடு வாங்கியதே அதைத்தான். சத்தம் கேட்டால் பாய்ந்து கொல்லும் ஜந்துக்களின் உலகம், இதே பெயரில் வந்த ஹாலிவுட் படங்களில் பார்த்ததுதான். இத்தாலியைச் சேர்ந்த ஸ்டார்மைண்ட் கேம்ஸ் செய்திருக்கிறார்கள். நாயகி அலெக்ஸுக்கு ஆஸ்துமா, வயிற்றில் பிள்ளை வேறு. மூச்சு வாங்க ஆரம்பித்தால் இன்ஹேலர் தேட வேண்டும், இருமினால் கதை முடிந்தது. ஒரு மேசை டிராயரைத் திறப்பதற்குக்கூட ஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். உடைந்த கண்ணாடி, காய்ந்த சருகு, தேங்கிய தண்ணீர் என்று தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். கையில் சத்தமானி ஒன்று இருக்கும். நம் சத்தம் சுற்றுச் சத்தத்தைத் தாண்டுகிறதா என்று அதில் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

இதில் விசேஷம் மைக். அதை ஆன் செய்துவிட்டால் நாம் உண்மையில் போடும் சத்தமும் கேமுக்குள் போய்விடும். நாம் தும்மினால் ஜந்து திரும்பிப் பார்க்கும். கேட்கும்போதே ஆசையாக இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது. பிஎஸ்5 கன்ட்ரோலரிலேயே மைக் உண்டு, தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஆன் செய்துகொண்டு ஒரு பாழடைந்த வீட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறேன். பக்கத்து பிளாட்டில் குக்கர் விசில். அவ்வளவுதான். அடுத்த முறை அதே இடத்தில் வெளியே சரவெடி. பத்தாயிரம் வாலா வெடிக்கும்போது எந்தக் கதாநாயகி பிழைக்க முடியும்? "என்னடா, பேசாம உக்காந்திருக்கே, உடம்பு சரியில்லையா?" என்று அம்மா வந்து கேட்டதற்கும் அலெக்ஸ் செத்தாள்.

மைக்கை அணைத்துவிட்டு ஆடலாம், கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் அணைத்தபின் மிச்சம் இருப்பது மெதுவாக நடக்கும் ஒரு ஒளிந்துபிடிக்கும் கேம். அதுவும் நன்றாகவே செய்யப்பட்டது, இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் அலுக்கிறது. நான் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன், எனவே பின்பாதி எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். கார்த்திகை தாண்டி ஊர் அடங்கியபின் மைக்கோடு மறுபடி எடுப்பதாக எண்ணம். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் தனி வீட்டில் இருப்பவர்கள் இப்போதே வாங்கலாம். அவர்களுக்கு இது முதல் இடத்துக்குக்கூட வரக்கூடும்.

சைலன்ட் ஹில் 2க்கு வருகிறேன். என் ஓட்டு இதற்குத்தான்.

மூலம் 2001இல் பிஎஸ்2க்கு கொனாமி வெளியிட்டது. ரீமேக்கைச் செய்தவர்கள் போலந்தின் கிராக்கோவ் நகரத்து புளூபர் டீம். அறிவிப்பு வந்தபோது பழைய ரசிகர்கள் "இவர்களிடமா கொடுத்தார்கள்" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். வெளியான சில நாளில் பத்து லட்சம் விற்றதாக கொனாமி சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. செத்துப்போன மனைவி மேரியிடமிருந்து ஜேம்ஸ் என்பவனுக்குக் கடிதம் வருகிறது, நம் பழைய இடத்தில் காத்திருக்கிறேன் என்று. அவன் மூடுபனி மண்டிய அந்த ஊருக்குத் தேடிப் போகிறான். கதையை இதற்கு மேல் சொன்னால் பாவம்.

சத்த விஷயத்தில் இது ஏன் தாங்குகிறது என்றால், நம்மிடம் இது அமைதியைக் கேட்பதில்லை. தானே ஒரு இரைச்சலைக் கொண்டுவந்து நம் காதில் வைக்கிறது. ஜேம்ஸுக்கு ஒரு பழைய ரேடியோ கிடைக்கும். பூதங்கள் நெருங்கினால் அது கரகரக்கும். ஃபேன் ஓடினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, அந்தக் கரகரப்பு தனியாகக் கேட்கும். அக்டோபர் நடுவில் பெய்த மழைக்கு வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, நான் இதைத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். ஜன்னலுக்கு வெளியே மழை, திரையில் பனிமூட்டம். ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை.

ரேடியோவை மட்டும் நம்பினாலும் ஆபத்து. மேனிக்வின் என்று ஒரு ஜென்மம் இருக்கிறது. இரண்டு ஜோடிக் கால்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டவைத்த மாதிரி. அது அலமாரி ஓரத்தில், கதவு இடுக்கில் அசையாமல் நிற்கும். வுட் சைட் அபார்ட்மெண்டில் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு அறை மூலையையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தேன். அந்தக் கட்டடத்தின் தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், அதில் பாதி பூட்டு: நம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கரண்ட் போன ராத்திரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இசை, மூல கேமுக்கு இசையமைத்த அகிரா யமவோகாவே. பல இடங்களில் இசையா, சுவருக்குள் ஏதோ மெஷின் ஓடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டொலூகா சிறைச்சாலைப் பகுதியில் நான் இரண்டு முறை ஹெட்போனைக் கழற்றி, இது நம் வீட்டுச் சத்தமா என்று பார்த்தேன். வெளிச் சத்தம் உள்ளே கலந்தாலும் இந்த கேமுக்கு அது லாபம்தான்.

ஹெட்போன் கட்டாயம் வேண்டும், அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டும் பிஎஸ்5இன் முப்பரிமாண ஒலி எந்த ஹெட்போனிலும் வரும். கன்ட்ரோலரின் அடியில் 3.5 மி.மீ. துளை இருக்கிறது, வயர் வைத்த சாதாரண இயர்போனைச் செருகினால் போதும். புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பிஎஸ்5 அதை நேரடியாக ஏற்காது, யூ.எஸ்.பி. அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்கும், ஆனால் நம் ஊர் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் காது வியர்த்துவிடும். நான் காதுக்குள் செருகும் ரப்பர் வைத்ததைப் பயன்படுத்துகிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சண்டை ஒரே மாதிரிதான்: ஒதுங்கு, இரும்புக் குழாயால் அடி, விழுந்ததை மிதி. மூலத்தை எட்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம், இது பதினைந்துக்கு மேல் போகிறது, நடுவில் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இழுவை. சண்டைக்கும் புதிருக்கும் கடினத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல். நான் சண்டையை எளிதாக்கிக்கொண்டேன், வெட்கமில்லை. கணினியில் நான் ஆடவில்லை. அங்கே இடம் மாறும்போது படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று நண்பர்கள் புலம்புகிறார்கள், நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களும்கூட.

அன்டில் டான் விஷயம் வேறு. 2015இல் பிஎஸ்4க்கு வந்ததையே புதுப்பித்திருக்கிறார்கள். பனிமலை பங்களா, எட்டு இளைஞர்கள், நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்து யார் சாவது என்பது மாறும். தனியாக ஆடினால் சுமார். பெரம்பூரில் அத்தை வீட்டில் ஆளுக்கு ஒரு பாத்திரம் என்று பிரித்துக்கொண்டு கன்ட்ரோலரைக் கைமாற்றி ஆடினோம், அமர்க்களம். அதில் சில இடங்களில் கன்ட்ரோலரைக் கொஞ்சமும் அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும், அசைந்தால் துரத்தி வருவது நம்மைக் கண்டுபிடித்துவிடும். சரியாக அந்த நேரத்தில் கீழே யாரோ அணுகுண்டைப் பற்றவைத்தான். அத்தை மகன் கை துள்ளியது. "டேய், வெடிச்சது வெளியேடா!" என்று அவன் கத்தியதுதான் அன்றைய இரவின் உச்சம். சத்தம் இங்கே கேமைக் கெடுக்கவில்லை, கேமாகவே ஆகிவிட்டது. தீபாவளிக்குச் சொந்தபந்தம் கூடும் வீட்டுக்கு இதுதான் பொருத்தம், சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்தபிறகு. பழையதை ஏற்கெனவே ஆடியவர்கள் முழு விலை கொடுக்க வேண்டாம், தள்ளுபடிக்குக் காத்திருங்கள்.

மவுத்வாஷிங்கை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். விபத்தில் சிக்கிய சரக்கு விண்கப்பல், ஐந்து பேர், உள்ளே இருந்த சரக்கோ வாய் கொப்பளிக்கும் திரவம். சிரிக்க ஆரம்பித்து வயிற்றைப் பிசைவதில் முடியும். லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு யோசிக்காமல் இதைச் சொல்வேன். பெரிய கிராபிக்ஸ் கார்டும் தேவையில்லை.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. திகில் கேமை ஒருமுறை முடித்தபின் பெரும்பாலும் தொடமாட்டோம், எனவே டிஸ்க்காக வாங்கினால் விற்றுப் பாதிப் பணத்தையாவது திரும்ப எடுக்கலாம். சைலன்ட் ஹில் 2ஐ நான் டிஸ்க்காக வாங்கியது அந்தக் கணக்கில்தான். ஆனால் அதில் எட்டு முடிவுகள் இருக்கின்றன, இரண்டு இந்த ரீமேக்குக்கென்றே புதிதாகச் சேர்த்தவை. ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன், இரண்டாம் சுற்றைத் தொடங்கியாயிற்று. அத்தை மகன் பாதி விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்குத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.