பில்லில் 316 எல், பண்டிலில் 304: சாயப்பட்டறைக்காரர்கள் பார்த்து வாங்குங்கள்

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வடிகிற சாயத்தண்ணீரின் சூட்டை நல்ல தண்ணீருக்கு ஏற்ற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டோம். அதன் பண்டில், அதாவது உள்ளே இருக்கும் ட்யூப் கட்டு, கொட்டேஷன், பில் இரண்டிலும் 316 எல். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வகைகளில் 304-ஐவிட உப்பைத் தாங்குவது இது. ஏழாவது மாசம், ஒரு திங்கட்கிழமை மோட்டார் போட்டதும் வந்த சுடுதண்ணீர் லேசான நீலம். யாரும் கவனிக்கவில்லை. வெள்ளை லாட் ஒன்று வீணாகப் போனது.

கவரைக் கழற்றினால் ட்யூபுக்குள் அடிப்பக்கமாக ஊசித்துளைகள். சப்ளையரைக் கூப்பிட்டேன். "உங்க தண்ணில உப்பு ஜாஸ்திங்ண்ணா" என்றார். சாயத்தண்ணீரில் உப்பு இல்லாமல் சர்க்கரையா இருக்கும்? விற்கும்போது "எஸ்.எஸ்.ங்ண்ணா, துருவே பிடிக்காது" என்றவரும் இவரேதான்.

வாங்கியபோது காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, நம்பிவிட்டேன். 304, 316 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது என்று அப்போது தெரியாது. இப்போது பி.எம்.ஐ. கன் (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கைக்கருவி) வைத்துப் பார்த்ததில், உப்பைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் மாலிப்டினம் கிட்டத்தட்ட இல்லை. 316-ல் 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும். உதிரியாகத் தந்த இரண்டு ட்யூபிலும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்த உலோகம் என்று காட்டும் எண்) அச்சிருந்த இடத்தைத் தேய்த்தே எடுத்திருக்கிறார்கள். டெஸ்ட் சர்டிபிகேட் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

எஸ்.எஸ்.ஸைக் காப்பது அதன் குரோமியம் மேலே கட்டுகிற மெல்லிய படலம். உப்பிலுள்ள குளோரைடு அதை ஒரு புள்ளியில் உடைத்துவிட்டால் போதும். குழிக்குள் அமிலம் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே தோண்டிக்கொண்டு போகும். சூடு ஏற ஏற வேகம் கூடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரை வடிக்காமல் விட்டது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பஞ்சுக்கசடு படிந்த இடத்துக்கு அடியில்தான் துளைகள் அதிகம். ஆனால் அடைப்பெடுக்க வந்த சப்ளையரின் சர்வீஸ் ஆட்கள் ஊற்றியது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். எஸ்.எஸ்.ஸுக்கு அதைவிட விஷம் வேறில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அறுத்தெடுத்த ட்யூப் துண்டைப் பார்த்த உலோகக்காரர், "நிஜ 316 எல் போட்டிருந்தாலும் இந்த உப்புக்கும் சூட்டுக்கும் இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துத் தாங்கியிருக்கும், அவ்வளவுதான், டைட்டானியம் கேட்டிருக்க வேணும்" என்றார். விற்றவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

மிச்சம் 10 சதவீதப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். கேஸ் போடுவாராம். போடட்டும், அறுத்தெடுத்த ட்யூப் துண்டு என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.