பசுமை ஃபண்ட் என்று விற்கிறார்கள், பங்குப் பட்டியலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

நான் கணக்கு வைத்திருக்கும் தனியார் வங்கிக் கிளையில் சில மாதங்களுக்கு முன் எனக்கு ஓர் இஎஸ்ஜி மியூச்சுவல் ஃபண்டை, அதாவது சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாக ஒழுங்கு ஆகியவற்றைப் பார்த்து முதலீடு செய்யும் ஃபண்டை, விற்றார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைச் சொன்னதும் அந்த அதிகாரி, "உங்கள் பணம் நேராகக் காற்றாலைக்கும் சோலாருக்கும்தான் போகும், மேடம்" என்றார். விளம்பரத் தாளின் அட்டையிலும் காற்றாலைப் படம்.

ஃபண்ட் எந்தெந்த நிறுவனப் பங்குகளை வைத்திருக்கிறது என்று காட்டும் மாதாந்தரப் பங்குப் பட்டியல் வந்தது. முன்வரிசை முழுக்கத் தனியார் வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும். காற்றாலை நிறுவனம் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் திட்ட ஆவணத்தில் இருக்கிறது, நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. ஓராண்டுக்குள் பணத்தை எடுத்தால் 1 சதவீதம் பிடிப்பார்கள் என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள். தலையில் கட்டியது ரெகுலர் பிளான். அதில் வங்கிக்குக் கமிஷன் போய்க்கொண்டே இருக்கும்.

ஆவணத்தில் பொய் இல்லை, பொய் எல்லாம் பேச்சில்தான். 2023 ஜூலையில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, இஎஸ்ஜி முதலீட்டு முறைகளை ஆறாகப் பிரித்து, ஃபண்டின் பெயரிலேயே முறையைக் காட்டச் சொன்னது. அவற்றில் ஒன்று, ஒவ்வொரு துறையிலும் நல்ல இஎஸ்ஜி மதிப்பெண் வாங்கும் நிறுவனங்களைப் பொறுக்குவது. வங்கிக்கும் மென்பொருள் அலுவலகத்துக்கும் புகைபோக்கி இல்லை. மதிப்பெண் எளிதில் கிடைத்துவிடுகிறது. அந்த வங்கி எந்த அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதே இல்லை. சந்தையில் ஏற்கெனவே இருக்கும் பங்கை ஃபண்ட் வாங்கினால், பணம் அதை விற்ற முதலீட்டாளருக்குப் போகிறது. நிறுவனத்தின் கைக்கு ஒரு ரூபாயும் வராது. புதிய காற்றாலைக்குப் பணம் திரள்வது புதிய பங்கு வெளியீட்டிலும் கடன்பத்திரத்திலும்தான். மத்திய அரசு 2023 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 16,000 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரங்கள் வெளியிட்டது. அந்தப் பணம் எதற்குச் செலவாகலாம் என்று வரையறை இருக்கிறது. நிலக்கரி, எண்ணெய் எடுக்கும் திட்டங்களுக்கு இடமில்லை. என் நோக்கத்தைக் கேட்ட அதிகாரி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கமிஷன் கிடைக்காதே!

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. சொன்னபடி இஎஸ்ஜி முறையைக் கடைப்பிடிக்கவில்லை என்று ஜெர்மனியின் டிடபிள்யூஎஸ் என்ற முதலீட்டு நிர்வாகக் குழுமத்தின் நிறுவனத்துக்கு 2023 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 19 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது.

செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அதிகாரி அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்திதான் என் கையில் இருக்கும் ஆதாரம். உங்களிடம் யாராவது பசுமை ஃபண்ட் விற்க வந்தால், போன மாதப் பங்குப் பட்டியலைக் கேளுங்கள். பணம் எங்கே போகும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.