சிங்க் போட்டுட்டா பேக்கப்னு நம்பிடாதீங்க, 4,500 ரூபா குடுத்து ஏமாந்துட்டேன்

கடைல ஒரு டெஸ்க்டாப், வீட்ல ஒரு லேப்டாப்னு வச்சு வேலை பாக்குறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டுப் போங்க. நான் டிடிபி பண்றேன், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் இந்த மாதிரி. பகல்ல கடைல பாதி, ராத்திரி வீட்ல மீதி. பென்டிரைவ்ல தூக்கிட்டு அலைஞ்சு எது புதுசு எது பழசுன்னு குழம்பி ஒரு தடவ திருத்தாத ஃபைலையே பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன், அதுக்கப்புறம்தான் எங்க ஊர்ல சர்வீஸ் பண்ற ஒருத்தரைக் கூப்பிட்டேன்.

அரை மணி நேரத்துல ரெண்டு சிஸ்டத்துலயும் சிங்க் பண்ற, அதாவது ரெண்டு பக்கமும் ஃபைலை ஒரே மாதிரி வச்சிருக்கற ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் போட்டாரு. "லைஃப்டைம் லைசென்ஸ் சார், 4,500. இங்க சேவ் பண்ணா அங்க வந்துடும், பேக்கப்பும் இதுவே, இனி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்லாம் எதுக்கு"ன்னாரு. நம்பி வாராவாரம் காப்பி எடுக்குறதை நிறுத்திட்டேன். நாலு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு.

போன மாசம் லேப்டாப்ல இடம் இல்லாம சி டிரைவ் செவப்பா காட்டுச்சு, 256 ஜிபி எஸ்எஸ்டிதான். டெஸ்க்டாப்லதான் எல்லாம் இருக்கேன்னு வேலை ஃபோல்டருக்குள்ள இருந்த 38 ஜிபியையும் டெலிட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன். மறுநாள் கடைல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆன் பண்ணேன். டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்தா எல்லாம் இருக்கு, பாத்துட்டு இருக்கும்போதே மேல இருந்து ஒண்ணொண்ணா மறையுது. கை நடுங்கி என்ன பண்றதுன்னு தெரியாம பிளக்கையே புடுங்கினேன், அதுக்குள்ள கும்பாபிஷேக மலர் ஃபோல்டரும் போயிடுச்சு, 112 பக்கம். ரீசைக்கிள் பின்லயும் ஒண்ணுமே இல்ல.

ஃபோன் பண்ணா "நீங்க டெலிட் பண்ணா அதுவும் பண்ணும், சிங்க்னா அதான் சார், ரிகவரிக்கு 8,000 ஆகும்"ங்கறாரு. பேக்கப்னு சொன்னதும் இதே வாய்தானே?

அக்கா பையன் வந்து பாத்தான். பிரவுசர்ல 127.0.0.1:8384னு அதே கம்ப்யூட்டர்ல ஓடுற சாஃப்ட்வேரோட அட்ரஸைப் போட்டதும் அவர் போட்டது என்னன்னு தெரிஞ்சுது, சிங்க்திங். 2013ல இருந்து இலவசமா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், லைசென்ஸ்னு காசு குடுக்கவே வேண்டாம். வேலைக்குக் கூலி கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேன். இன்னொண்ணு கேளுங்க, அதுல ஒவ்வொரு ஃபோல்டர் செட்டிங்லயும் ஃபைல் வெர்ஷனிங்னு, அழிச்ச ஃபைலோட பழைய காப்பியை எடுத்து வைக்கிற வசதி இருக்கு, நாமளா ஆன் பண்ணாத வரைக்கும் ஆஃப்லதான் இருக்கும். டெஸ்க்டாப்ல அதை டிராஷ் கேன்னு வச்சிருந்தா லேப்டாப்ல அழிச்சதெல்லாம் டெஸ்க்டாப்ல எஸ்டிவெர்ஷன்ஸ்ங்கற ஃபோல்டர்ல பத்திரமா இருந்திருக்கும். ரெண்டு நிமிஷ வேலை, அதைக்கூட அந்தாளு செய்யல. சாஃப்ட்வேர் மேல தப்பே இல்ல, இப்பவும் அதைத்தான் ஓட்டுறேன், வெர்ஷனிங் ஆன் பண்ணி, ராத்திரி தனியா எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்து கேபிளைக் கழட்டிட்டுத்தான் கடையைப் பூட்டுறேன்.

டெஸ்க்டாப்ல பழைய ஹார்ட் டிஸ்க்ங்கறதால அழிஞ்ச ஃபைலை மீட்கற ரெக்குவாங்கற சாஃப்ட்வேர் போட்டு கொஞ்சம் பிடிஎஃப், படமெல்லாம் மீட்டான், நான் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் ஃபைல் பாதிக்கு மேல திறக்கல. லேப்டாப் எஸ்எஸ்டில ஒண்ணுமே வரல, டெலிட் பண்ண இடத்தை அது அப்பவே தொடச்சிடுமாம்.

உங்களுக்கும் யாராவது இப்படி செட் பண்ணிக் குடுத்திருந்தா, வேண்டாத ஒரு ஃபைலை ஒரு பக்கம் அழிச்சு இன்னொரு பக்கம் என்னாகுதுன்னு இன்னிக்கே பாத்துடுங்க. எங்கிட்ட செவப்பு இங்க்ல திருத்தின ப்ரூஃப் தாள் 64 பக்கம் வரைக்கும் இருக்கு, அதைப் பாத்து திரும்ப அடிச்சிட்டு இருக்கேன், மீதிக்குக் கட்டுரை குடுத்தவங்க வீட்டுக்கெல்லாம் போயி கையெழுத்துப் பிரதி இருக்கான்னு கேட்டுட்டு வரேன்.